கொல்லைப்புறத்தில் நஞ்சில்லாக் காய்கறி

ஆலயத்தில் நைவேத்தியம் சமைக்கும்போது நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! பாத்திரத்தைத் தனியே வைக்கிறோம். குளித்துவிட்டு அடுப்பு மூட்டுகிறோம். அரிசியை மூன்று முறை களைகிறோம். ஆனால், அந்தக் காய்கறி எந்த மண்ணில் விளைந்தது, அதன்மேல் என்ன தெளிக்கப்பட்டது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? இறைவனுக்குப் படைப்பதும், பிள்ளைகளுக்குப் பரிமாறுவதும், அன்னதானத்தில் அடியார்களின் இலையில் வைப்பதும் ஒரே சந்தையிலிருந்து வாங்கிய காய்கறிதானே!

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மலாக்கா மாநிலத்தின் ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தேன். இன்று டுரியான் துங்கால் வட்டாரத்தில் ஒரு தாமான் வீட்டில் வசிக்கிறேன். வீட்டின் பின்புறம் 20 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள இடம் உண்டு. அந்த 200 சதுர அடியில் பல ஆண்டுகளாகச் செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் இன்றிக் காய்கறி பயிரிட்டு வருகிறேன். இது எல்லார் வீட்டிலும் இயலக்கூடியதே. எப்படி என்பதை அன்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்தில் இருந்த கொல்லை

நம் மக்களுக்கு இது புதிய கலை அல்ல. டான் சே யான் என்ற செல்வந்தர் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிப நோக்கில் எழுந்த முதல் ரப்பர் தோட்டம் அதுவே. அதன் பிறகு ஜாசின், ஆசாகான், அலோர் காஜா எனப் பல வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் பால்மரம் சீவக் கப்பலேறி வந்தனர். வந்தவர்கள் மண்வெட்டியோடு முருங்கைக் குச்சியையும் கீரை விதையையும் மறக்கவில்லை. லயன் வீட்டின் பின்னால் கொல்லை இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது.

சட்டமும் அதற்கு ஓரளவு இடம் கொடுத்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் பழைய தொழிலாளர் சட்டத்தில், குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவும் மாடு மேய்க்கவும் ஓர் ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அது ஏறக்குறைய 2,700 சதுர அடி. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் போனபோது, பல குடும்பங்களின் உயிரைக் காத்தது கொல்லையில் விளைந்த மரவள்ளிக் கிழங்குதான். 1974இல் துன் அப்துல் ரசாக் அரசாங்கம் 'பச்சைப் புத்தகத் திட்டம்' என்ற பெயரில் வீட்டுத் தோட்டங்களை ஊக்குவித்தபோதும், நம் தோட்டப்புற மக்களுக்கு அதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாக மாறின. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் பெயர்ந்தன. 2,700 சதுர அடிக் கொல்லை 200 சதுர அடியாகச் சுருங்கியது. பலர் அதற்கும் சிமெண்டு பூசிவிட்டனர். நிலம் சுருங்கியதைக் காட்டிலும் பெரிய இழப்பு, பாட்டிமார்களோடு அந்த அறிவும் மறைந்து வருவதுதான்.

மருந்து என்னும் நஞ்சு

தோட்டத்திலிருந்து நாம் கொண்டு வந்த இன்னொன்றும் உண்டு. களைக்கொல்லியையும் பூச்சிக்கொல்லியையும் நாம் "மருந்து" என்றே அழைத்துப் பழகிவிட்டோம். "மருந்தடிக்கப் போகிறேன்" என்றுதான் தோட்டத்துப் பெண்கள் சொல்வார்கள். என் தாயார் பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார். முதுகில் மருந்துப் பம்பு. முகத்தில் ஒரு துணி. வெயிலில் கையுறை தாங்காது. மாலையில் வீடு திரும்பினால், குளிக்காமல் எங்களைத் தொட விடமாட்டார். மூக்கில் இரத்தம் வரும். விரல் நகங்கள் நிறம் மாறிக் கழன்று விழும். கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். "வேலைன்னா அப்படித்தான்மா" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. தெனகானித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலையமைப்பும் இணைந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, மலேசியத் தோட்டங்களில் மருந்தடித்த பெண்களின் துயரத்தை நாடறியச் செய்தது. அவர்கள் தெளித்தவற்றுள் கொடியது பாராகுவாட் என்னும் களைக்கொல்லி. 1962இல் விற்பனைக்கு வந்த அதனை விழுங்கிவிட்டால் முறிமருந்து கிடையாது. மலேசிய அரசாங்கம் அதைப் படிப்படியாக நிறுத்த 2002இல் முடிவு செய்தது, 2006இல் தளர்த்தியது, இறுதியில் 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தது.

சந்தைக் காய்கறியில் எஞ்சியிருக்கும் நஞ்சுக்கும் உச்ச வரம்பு உண்டு. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் அதன்கீழ் வந்த 1985ஆம் ஆண்டு விதிமுறைகளும் அதை வரையறுக்கின்றன. ஓடும் நீரில் நன்றாகக் கழுவினால் மேற்பரப்பில் உள்ள நஞ்சு பெருமளவு நீங்கும். ஆனால், செடியின் உள்ளே ஊடுருவும் வகை நஞ்சு கழுவினால் போகாது. அதனால் சந்தையில் எதையும் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அன்றாடம் தின்னும் கீரையையும், பச்சையாக மெல்லும் கொத்தமல்லியையும், குழந்தைக்கு மசித்துக் கொடுக்கும் காயையுமாவது நாமே விளைவித்துக் கொள்ளலாமே! பிறர் பயிருக்காக நஞ்சைச் சுமந்த சமூகம், தன் பிள்ளையின் சோற்றிலாவது அது இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

மலாக்கா மண்ணை அறிவோம்

"இங்கே மண்ணே சரியில்லை, டீச்சர்" என்று அண்டை வீட்டார் குறைபட்டுக்கொள்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. நம் மாநிலத்தின் பல இடங்களில் உள்ளது செம்புரை மண். போர்த்துக்கீசியர் கட்டிய ஆ ஃபாமோசா கோட்டையின் சுவர்களுக்கும் இந்தச் செம்புரைக் கல்லையே வெட்டிப் பயன்படுத்தினர். மலேசிய மண் வகைப்பாட்டில் சரளை நிறைந்த செம்புரை மண் வகை ஒன்றுக்கு 'மலாக்கா' என்றே பெயர்.

பன்னெடுங்கால மழை, இந்த மண்ணிலிருந்த சத்துகளைக் கரைத்துக் கொண்டு போய்விட்டது. எஞ்சியவை இரும்பும் அலுமினியமும். அவை செடிக்கு வேண்டிய மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மேலும் இம்மண் புளிப்புத் தன்மை மிக்கது. ஆகவே உரத்தைக் கொட்டினாலும் செடிக்குச் சேர்வது குறைவு. போதாக்குறைக்கு, வீடு கட்டும்போது மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடிமண்ணோடு கல்லையும் சிமெண்டுக் கட்டியையும் நிரப்பிவிடுகின்றனர்.

இதற்கு வழி மூன்று படிகளில் உள்ளது. முதலாவது, ஒரு முழ ஆழத்திற்குக் கொத்திக் கல்லையும் குப்பையையும் பொறுக்குதல். இரண்டாவது, புளிப்பைத் தணிக்க டோலமைட் சுண்ணாம்புத் தூளைக் கலத்தல். 10 சதுர அடிக்கு 200 கிராம் போதும். இது வெற்றிலைச் சுண்ணாம்பு அன்று. செடிக்கடைகளில் மூட்டையாகவும் சிறு பொட்டலமாகவும் கிடைக்கும். கலந்தபின் இரண்டு வாரம் மண்ணை ஆறவிட வேண்டும். மூன்றாவது, மக்கு உரத்தைத் தாராளமாகச் சேர்த்து, செங்கல் அல்லது பலகையால் வரம்பு கட்டி, ஓர் அடி உயரத்திற்குப் பாத்தி எழுப்புதல். மேட்டுப்பாத்தியில் மழைநீர் தேங்காது, வேர் அழுகாது.

என் பின்கட்டில் மூன்றடி அகலமும் 16 அடி நீளமும் கொண்ட இரண்டு பாத்திகள் இருக்கின்றன. நடுவில் இரண்டடி நடைபாதை, ஓரத்தில் இரண்டடி வழி. கை எட்டும் அகலத்திற்கு மேல் பாத்தி போடக்கூடாது. போட்டால் மண்ணை மிதிக்க நேரும். மிதித்த மண் இறுகிவிடும். மீதியுள்ள நான்கடியில் மக்குத் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும். சிமெண்டுத் தரை உள்ளவர்கள் பாலித்தீன் பைகளிலும் தொட்டிகளிலும் வளர்க்கலாம். கீரைக்கு எட்டு அங்குல ஆழம் போதும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஓரடி வேண்டும். பழைய மருந்துக் கலன்களையும் சாயக் கலன்களையும் எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தவே கூடாது.

மக்கு உரம்: மண்ணுக்கு இடும் சோறு

இயற்கை வேளாண்மையின் அடிப்படை இதுதான்: செடிக்கு உரம் போடுவதில்லை, மண்ணுக்குச் சோறு போடுகிறோம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் மண்புழுக்களும் அதைத் தின்று செடிக்கு ஏற்ற சத்தாக மாற்றித் தருகின்றன. இதை மேல்நாட்டாருக்கு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் ஆல்பர்ட் ஹோவார்ட். 1905இல் இந்தியாவிற்கு வந்த அந்த ஆங்கிலேய விஞ்ஞானி, பாடம் சொல்ல வந்த இடத்தில் இந்திய விவசாயிகளிடம் பாடம் கேட்டார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் அவர் செம்மைப்படுத்திய மக்கு உரமுறை 'இந்தூர் முறை' என்று உலகெங்கும் பெயர் பெற்றது. தமிழகத்தில், கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணை வேலையை 1969இல் துறந்து வெளியேறிய நம்மாழ்வார் ஐயா, 2013இல் மறையும் வரை ஊர் ஊராகச் சென்று சொன்னதும் இந்த உண்மையைத்தான். நம் நாட்டில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வீட்டுத் தோட்டங்களையும் பள்ளித் தோட்டங்களையும் தொடர்ந்து ஊக்குவித்து வந்துள்ளது.

செய்முறை எளிது. துளையிட்ட பெரிய தொட்டி, அல்லது மூன்றடி நீளம், அகலம், உயரம் கொண்ட செங்கல் கூண்டு ஒன்று போதும். மூன்று பங்கு காய்ந்த சருகுக்கு ஒரு பங்கு சமையலறைக் கழிவு என்ற அளவில் அடுக்கடுக்காகப் போட வேண்டும். காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல், நொறுக்கிய முட்டையோடு எல்லாம் ஆகும். எண்ணெய்ப் பண்டமும் சமைத்த சோறும் வேண்டா, எலி வரும். பிழிந்த துணியளவு ஈரம் இருந்தால் போதும். நாற்றமடித்தால் ஈரம் மிகுதி என்று பொருள். சருகைச் சேர்த்துக் கிளற வேண்டும். வாரம் ஒருமுறை கிளறினால், இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசனையோடு உரம் கிடைக்கும்.

இங்கே ஆலயங்களுக்கு ஒரு வேண்டுகோள். பூசைக்குப் பின் கழற்றும் மாலைகள், தேங்காய் நார், திருவிழாவில் கட்டிய வாழைமரம், மாவிலைத் தோரணம் ஆகிய அனைத்தும் நல்ல உரமாகும். நூலையும் சரிகைத் தாளையும் பிளாஸ்டிக்கையும் மட்டும் நீக்கிவிட வேண்டும். கடைப்பூவிலும் நஞ்சு தெளித்திருக்கக்கூடும். ஆதலால் மாலைக் கழிவை நேரே பாத்தியில் போடாமல் முழுதும் மக்கவிட்டே இட வேண்டும். இறைவன் தோளில் கிடந்த மலர் குப்பை வண்டியில் போவதைவிட, ஓர் ஏழைக் குடும்பத்தின் கீரைப் பாத்தியில் சேர்வது சிறப்பல்லவா?

மாட்டுச் சாணம் கிடைப்பவர்கள் நன்கு மக்கியதையே இட வேண்டும். பச்சைச் சாணத்தைக் கீரையின் அருகில் இட்டால் நோய்க் கிருமிகள் உணவில் சேரலாம். பஞ்சகவ்யத்தைப் பயிருக்குப் பயன்படுத்தும் முறையைக் கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பினார். அதை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி என்ற அளவில் கலந்து தெளிக்கலாம். பசு இல்லாத தாமானில் அதற்காக அலைய வேண்டியதில்லை. நல்ல மக்கு உரமே பெரும்பாலும் போதும்.

வெயிலும் நீரும்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது தமிழகத்திற்குப் பொருந்தும் பழமொழி. மலாக்காவில் அதை அப்படியே பின்பற்ற முடியாது. இங்கே பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. ஜனவரி, பிப்ரவரி வறட்சி. ஆகவே அடைமழைக்குச் சற்று முன்னரே நாற்று வேர் பிடித்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கொட்டும் மழையில் கீரை விதை தூவினால் விதை அடித்துச் செல்லப்படும்.

காய்க்கும் செடிக்கு ஒரு நாளில் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே இரண்டு பாகை அளவில் இருப்பதால், ஆண்டில் பாதி நாள் சூரியன் தலைக்கு வடபுறமும் மறுபாதி தென்புறமும் செல்கிறது. அதனால் ஜூன் மாதத்தில் வெயில் படும் சுவரோரம் டிசம்பரில் நிழலாகிவிடும். ஓராண்டு கவனித்துவிட்டு, நிலையான மரங்களை நடுவது நல்லது. நிழல் விழும் இடம் வீணல்ல; வல்லாரையும் பாண்டானும் அங்கே செழிக்கும்.

1991இல் டுரியான் துங்கால் அணை வற்றி, மலாக்கா மக்கள் குடிநீருக்கே தவித்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூரைநீரைத் தொட்டியில் பிடித்து வைப்பதும், அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றுவதும் நல்ல பழக்கம். ஆனால், தொட்டியைக் கொசுவலையால் இறுக மூட வேண்டும். பூந்தொட்டித் தட்டில் நீர் தேங்க விடக்கூடாது. ஏடிஸ் கொசு பெருகினால் டிங்கிக் காய்ச்சல் வரும். சட்டப்படி அபராதமும் உண்டு. பாத்தியின்மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி மூடாக்கு இட்டால் ஈரம் காக்கப்படும், களையும் குறையும்.

எதை நடலாம்?

புதிதாகத் தொடங்குபவர்கள் கீரையிலிருந்து தொடங்க வேண்டும். முளைக்கீரையும் கங்கோங்கும் விதைத்த நான்கு வாரத்திற்குள் அறுவடைக்கு வந்துவிடும். வாரம் ஒரு சிறு பகுதி மட்டும் விதைத்தால், வாரந்தோறும் கீரை கிடைக்கும். பொன்னாங்கண்ணி, பசலைக் கொடி, தவசி முருங்கை ஆகியவற்றைக் குச்சியாகவோ தண்டாகவோ ஊன்றினாலே வேர்விடும். ஒரு முறை நட்டால் பல மாதம் கிள்ளிக் கொண்டே இருக்கலாம். மணத்தக்காளியைப் பறவைகளே கொண்டு வந்து விதைத்துவிடும்!

அடுத்து வெண்டை, கத்தரி, மிளகாய். வெண்டை ஏறக்குறைய 50 நாளில் காய்க்கும். வேலியோரம் பயற்றங்காய், பாகல், புடலை ஆகிய கொடிகளை ஏற்றலாம். பயற்றங்காயின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். ஆதலால் காய்ப்பு முடிந்ததும் கொடியைப் பிடுங்காமல் அடியோடு அறுத்துவிட்டு, அதே இடத்தில் கீரை விதைக்கலாம். ஒரே பயிரை ஒரே இடத்தில் அடுத்தடுத்து நடக்கூடாது, நோய் தங்கிவிடும்.

ஒரு மூலையில் கறிவேப்பிலை, இன்னொரு மூலையில் முருங்கை. முருங்கையை ஆளுயரத்தில் வெட்டி வெட்டி விட்டால் புதராகத் தழைக்கும். வடிகாலை அடைக்காது, அண்டை வீட்டுக் கூரையிலும் விழாது. மஞ்சள், இஞ்சி, கற்பூரவல்லி, துளசி ஆகியவை தொட்டியிலேயே வளரும்.

பூச்சிகளை என்ன செய்வது?

எல்லாப் பூச்சியும் பகையல்ல. பொறிவண்டும் சிலந்தியும் ஓணானும் நமக்குக் கூலி வாங்காமல் வேலை செய்பவை. நஞ்சு அடித்தால் முதலில் மடிவது இந்த நண்பர்களே. பகைப் பூச்சிகள் விரைவில் மீண்டும் பெருகிவிடும்.

காலையில் பத்து நிமிடம் இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்ப்பதே முதல் வைத்தியம். முட்டையையும் புழுவையும் கையால் எடுத்துவிடலாம். அசுவினி கூட்டமாக ஒட்டியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாம். அதற்கும் அடங்காவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலை வேளையில் தெளிக்கலாம். வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள், புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது; உடனே கொல்வதில்லை. ஆதலால் வாரம் ஒரு முறையாகச் சில வாரம் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

பாகலையும் புடலையையும் பழ ஈ குத்தும். பிஞ்சு விரலளவு இருக்கும்போதே பழைய நாளிதழால் உறை சுற்றிவிட்டால் காய் தப்பும். நத்தைகளை இரவில் கைவிளக்கோடு தேடிப் பொறுக்கலாம். ஆனால் கையுறை அணிய வேண்டும். பெரிய ஆப்பிரிக்க நத்தையில் மனிதனைத் தாக்கும் புழுக்கள் இருக்கலாம். கீரையையும் நன்கு கழுவியே சமைக்க வேண்டும். பாத்தியோரம் துலுக்கச் சாமந்தி நட்டால், அதன் வேர் நூற்புழுக்களைக் குறைக்கும்; பூ சாமிக்கும் ஆகும்.

நாலு இலையில் ஓட்டை விழுந்தால் கலங்க வேண்டா. ஓட்டை விழுந்த கீரையைப் புழு தின்றிருக்கிறது. அதை நாமும் அச்சமின்றித் தின்னலாம்.

நிறைவாக

200 சதுர அடி நிலம் ஒரு குடும்பத்தின் முழு உணவையும் தந்துவிடாது. அரிசியும் பருப்பும் வெங்காயமும் கடையில்தான் வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் கீரை, கறிவேப்பிலை, மிளகாய் ஆகியவற்றைக் கடையில் வாங்குவது அரிதாகிவிட்டது. காய்கறி வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்குக் கிடைக்கிறது. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, பல தாமான்களில் மக்கள் பாலித்தீன் பையில் மண் நிரப்பி விதை ஊன்றத் தொடங்கினர். கட்டுப்பாடு தளர்ந்ததும் பலர் கைவிட்டுவிட்டனர். நெருக்கடி வரும்போது மட்டும் நினைக்க வேண்டியதன்று இது.

ஆகவே, இம்மலரைப் படிக்கும் அன்பர்களிடம் மூன்று காரியங்களை வேண்டுகிறேன். ஒன்று, உங்கள் வீட்டில் அல்லது உறவில் தோட்டத்தில் வாழ்ந்த மூத்தவர் இருந்தால், அவர் எந்தக் கீரையை எப்படி வளர்த்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு, மூன்றடிக்கு மூன்றடி அளவில் ஒரே ஒரு பாத்தியை இம்மாதமே தொடங்குங்கள். பிள்ளைகள் கையால் விதை ஊன்றச் செய்யுங்கள். மூன்று, விளைந்ததில் முதல் பிடியை அன்னதானத்திற்குக் கொடுங்கள். பணமாகக் கொடுக்க வசதியில்லாதவர்களும் ஒரு கட்டுக் கீரை கொடுக்கலாம். அதுவும் அறமே.

நம் தாய்மார்கள் முதுகில் சுமந்ததை நாம் மருந்து என்றே சொல்லிவந்தோம். இனி வரும் பிள்ளைகளாவது நஞ்சை நஞ்சென்றும், முருங்கைக் கீரையை மருந்தென்றும் அறிந்து வளரட்டும். எல்லார் வீட்டுக் கொல்லையும் செழிக்க எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.